பெருந்தொற்றுக் காலத்தில் காய்கறிச் சந்தை
கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தபோது, பறித்த சில நாள்களிலேயே வாடிவிடும் காய்கறிகளையும் பழங்களையும் விளைவிப்போர் பேரிழப்பின் விளிம்பில் நின்றனர்; மார்ச் 27 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வயல் வேலைகளுக்கும் வேளாண் விற்பனைக்கூடங்களுக்கும் விலக்கு அளித்தது. புதுச்சேரி நகரின் நடுவே கடைகள் நெருங்கி அமைந்த குபேர் அங்காடி எனும் பெரிய மார்க்கெட்டின் காய்கறிக் கடைகள், மக்கள் இடைவெளி விட்டு நின்று வாங்கும் வகையில், புதிய பேருந்து நிலையத்திற்கு மாற்றப்பட்டன. விளைபொருளை ஏற்றிச்செல்லும் வாகனங்களை உழவர் கைப்பேசி வழியே தேடிக்கொள்ள உதவும் ‘கிசான் ரத்’ செயலி ஏப்ரல் 17 அன்று அறிமுகமானது. விளைச்சல் இருந்தும் சந்தைக்கு வழியில்லையெனில் உழவர் வாழ முடியாது. ஆகவே பேரிடர்த் திட்டங்களில் திறந்தவெளிச் சந்தைகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட வேண்டும்.