80 டாலர் கேமா, 20 டாலர் கேமா? 2025-ல் காசுக்குத் தகுந்த கன்சோல் கேம் எது? விளையாடிப் பார்த்ததில் தெரிந்தது என்ன?

2025 செப்டம்பர் 4. நம்ம நேரப்படி இரவு ஏழரை மணி. ஒரு கேம் வாங்கலாம் என்று கன்சோலை ஆன் செய்தால் ஸ்டோர் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பணம் கட்டும் இடம் வரவே இல்லை. வீட்டு இன்டர்நெட்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, உலகம் முழுக்க இதே கதை. ஒரே நேரத்தில் அத்தனை பேர் ஒரே கேமுக்கு முண்டியடித்ததில் பெரிய டிஜிட்டல் ஸ்டோர்களே திணறிவிட்டன.

அந்த கேமின் பெயர் 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. விலை வெறும் 20 டாலர்.

அதே ஆண்டு ஜூன் 5-ம் தேதி, ஸ்விட்ச் 2 கன்சோலுடன் சேர்த்து நின்டெண்டோ வெளியிட்ட 'மரியோ கார்ட் வேர்ல்ட்' கேமின் விலை 80 டாலர். டாலரை அப்படியே ரூபாயாக மாற்றினால் முதலாவது சுமார் 1,750 ரூபாய், இரண்டாவது சுமார் 7,000 ரூபாய். நாலு மடங்கு வித்தியாசம். அப்படியென்றால் நாலு மடங்கு சந்தோஷம் கிடைக்க வேண்டும் இல்லையா? 2025-ல் வந்த ஐந்து கேம்களை விளையாடிப் பார்த்த பிறகு இதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

விலை ஏன் இப்படி ஏறுகிறது?

ரொம்ப காலம் ஒரு பெரிய கன்சோல் கேம் என்றால் 60 டாலர் என்பது எழுதப்படாத விதி. 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்த சமயத்தில் அது 70 ஆனது. 2025-ல் நின்டெண்டோ 80-ஐத் தொட்டது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டும் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' கேமுக்கு 80 டாலர் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் மீண்டும் 70-க்கே இறங்கி வந்தது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் தயாரிப்புச் செலவு. அதில் உண்மையும் இருக்கிறது. 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணங்களில் மறைத்து வைத்த எண்கள் தெரியாத்தனமாக வெளியே வந்துவிட்டன. அதன்படி 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமுக்கு ஆன செலவு சுமார் 22 கோடி டாலர். இது 2020-ல் வந்த கேம். இப்போது இன்னும் கூடியிருக்கும்.

சரி, செலவு அவர்களுடையது. கையைக் கடிப்பது நம்முடையதை அல்லவா?

மரியோ கார்ட்: ஜாலிதான், ஆனால்...

இந்தியாவில் ஸ்விட்ச் 2 அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. அப்படி வரவழைத்த நண்பர் வீட்டில்தான் இதை விளையாடினேன். 'நாக்அவுட் டூர்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. 24 பேர் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு செக்பாயின்ட்டிலும் கடைசி நான்கு பேர் அவுட். அந்தக் கோட்டை நெருங்கும்போது 18-வது இடத்திலிருந்து 21-வது இடத்துக்குச் சறுக்கினால் வருகிற பதற்றம் இருக்கிறதே, அதற்கு ஈடு இல்லை. நாலு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து கத்துவதற்கு இதைவிட நல்ல கேம் கிடையாது.

ஆனால் புதுசு என்று விளம்பரப்படுத்திய திறந்தவெளி உலகம் காலியாகத்தான் கிடக்கிறது. அரை மணி நேரம் சுற்றினேன், பட்டனை அழுத்தினால் தொடங்கும் சின்னச் சின்ன சவால்கள் வந்தன, அவ்வளவுதான். தனியாக விளையாடுபவருக்கு 80 டாலர் அதிகம்.

ஒரு ஊரே கிழிந்துபோகும் கதை

2025 ஏப்ரல் 24-ல் வந்த 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' பற்றி எனக்கு எதுவுமே தெரியாமல்தான் இருந்தது. 50 டாலர், பெயரே வாயில் நுழையாத பிரெஞ்சு கேம், அதிலும் மாறி மாறி அடிக்கும் 'டர்ன் பேஸ்டு' சண்டை. நமக்குச் செட் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

முதல் அரை மணி நேரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. லூமியேர் என்று ஒரு ஊர். கடலுக்கு அப்பால் ஒரு பிரம்மாண்டமான கல்தூண். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு ஓவியப் பெண் எழுந்து அதில் ஒரு எண்ணை எழுதுவாள். அந்த வயதில் இருப்பவர்கள் அப்படியே கரைந்து காற்றில் போய்விடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அந்த எண் ஒன்று ஒன்றாகக் குறைகிறது. கதை தொடங்கும் நாளில் எழுதப்படும் எண் 33.

அன்றைக்குப் போக வேண்டியவர்கள் கழுத்தில் பூ மாலை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு நடக்கிறார்கள். வீட்டுச் சாமான்களை ஆளுக்குக் கொடுக்கிறார்கள். கதாநாயகன் குஸ்தாவ் தன் முன்னாள் காதலி சோஃபியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் பூவிதழ்களாக உதிர்ந்து போகிறாள். இதில் சண்டை எதுவும் இல்லை, நாம் அழுத்த வேண்டிய பட்டனும் பெரிதாக இல்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பதைத் தாண்டிய யாருக்கும் அந்த எண் சும்மா ஒரு எண்ணாக இருக்காது.

சண்டையும் நினைத்தபடி தூங்கி வழியவில்லை. எதிரி அடிக்க வரும்போது சரியான நொடியில் பட்டனைத் தட்டினால் அடியைத் தடுத்துத் திருப்பி அடிக்கலாம். தாளம் பிடிபடும்வரை செம உதை. பிடிபட்டபின் விடவே மனசு வராது. குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு இடத்துக்குள்ளும் போனபின் சின்ன வரைபடம் கிடையாது. வந்த வழியிலேயே நான் மூன்று முறை சுற்றினேன். முக்கியக் கதை சுமார் 30 மணி நேரம். எனக்கு அதற்கு மேலேயே ஆனது.

இதை உருவாக்கியது பிரான்சின் மான்பெல்லியே நகரத்தில் இருக்கும் 'சாண்ட்ஃபால் இன்டராக்டிவ்'. யூபிசாஃப்ட்டில் வேலை பார்த்த கியோம் ப்ரோஷ் வெளியே வந்து தொடங்கிய நிறுவனம். இசையமைப்பாளர் லோரியன் டெஸ்டார்டுக்கு இதுதான் முதல் கேம். இணையத்தில் அவர் பகிர்ந்திருந்த இசையைக் கேட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். 2025 டிசம்பரில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் உட்பட ஒன்பது விருதுகளை இது அள்ளியது.

30 பேர்தான் செய்தார்களா?

'வெறும் 30 பேர் செய்த கேம்' என்று ஃபார்வர்டு மெசேஜ்கள் சுற்றின. பாதி உண்மை. உள்ளே இருந்த முக்கிய அணி 30 பேர் அளவில்தான். ஆனால் சண்டை அனிமேஷனுக்குக் கொரியாவில் ஒரு குழு, சோதனை செய்து பார்க்க வெளியே ஆட்கள், இசைக் கலைஞர்கள், முதலீடு போட்ட பதிப்பாளர் என்று பின்னால் பலர் இருக்கிறார்கள். குரல் கொடுத்தவர்களில் சார்லி காக்ஸும், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கொல்லம் புகழ் ஆண்டி செர்கிஸும் உண்டு. கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தாலே இது புரியும். சின்ன அணி என்று பாராட்டும் ஜோரில் அந்தப் பெயர்களை அழித்துவிடக் கூடாது.

ஒருவர் வாங்கினால் இருவர் ஆடலாம்

மார்ச் 6-ல் வந்த 'ஸ்பிளிட் ஃபிக்ஷன்' கேமின் விலையும் 50 டாலர். ஆனால் உண்மையில் ஆளுக்கு 25 என்று வைத்துக்கொள்ளலாம். இது இரண்டு பேர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடிய கேம். ஒருவர் வாங்கினால் போதும், இன்னொருவர் 'ஃப்ரெண்ட்ஸ் பாஸ்' என்பதை இலவசமாக டவுன்லோடு செய்து சேர்ந்துகொள்ளலாம். என்னிடம் இருப்பது பிளேஸ்டேஷன், வேறு ஊரில் இருக்கும் தம்பியிடம் எக்ஸ்பாக்ஸ். அதுவும் ஒத்துப்போனது. வாரத்துக்கு இரண்டு இரவு, ஹெட்செட்டில் பேசிக்கொண்டே ஒரு மாசத்தில் முடித்தோம்.

அறிவியல் புனைகதை எழுதும் மியோ, மாயாஜாலக் கதை எழுதும் ஸோயி என்ற இரண்டு பெண்கள், தங்கள் கதைகளைத் திருடும் ஒரு இயந்திரத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வசனம் சுமார்தான், அடுத்து என்ன பேசுவார்கள் என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிடுவான். ஆனால் சுவீடனின் 'ஹேஸ்லைட்' அணி ஒரே விளையாட்டை அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதில்லை. ஒரு இடத்தில் நாம் இருவரும் பன்றிக்குட்டிகளாக மாறிச் சந்தோஷமாகத் துள்ளி ஓடுவோம். முடிவில் அந்தக் குட்டிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு, 'அண்ணா, இதெல்லாம் நியாயமா?' என்று தம்பி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.

கோஸ்ட் ஆஃப் யோட்டே எப்படி?

அக்டோபர் 2-ல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது, 70 டாலர். 1603-ல், இன்று ஹொக்கைடோ எனப்படும் ஜப்பானின் வடக்குத் தீவில் நடக்கிறது. குடும்பத்தைக் கொன்ற ஆறு பேரைத் தேடிப் போகும் அட்சு என்ற பெண்ணின் பழிவாங்கல் கதை. கதை நமக்குப் பழக்கமானதுதான், தமிழ் சினிமா பார்த்தவர்களுக்கு அடுத்த காட்சி தானாகவே தெரியும்.

எனக்குப் பிடித்தது சண்டைக்கு நடுவே வரும் சும்மா இருக்கும் நேரம். கன்ட்ரோலரின் தொடுபலகையை விரலால் தேய்த்தால் காற்று வீசி வழிகாட்டும். முகாமில் நெருப்பு மூட்டலாம், ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை வாசிக்கலாம். பழைய வீட்டில் நிற்கும்போது ஒரு பட்டனைத் தட்டினால் அதே இடம் அம்மா, அப்பா இருந்த காலத்துக்கு மாறும். அங்கே மட்டும் தொண்டை அடைத்தது. மற்றபடி 2020-ல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வை முடித்தவர்கள் அவசரப்பட வேண்டாம், தள்ளுபடி வரட்டும்.

மீண்டும் அந்த 20 டாலர் கேம்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இருக்கும் 'டீம் செர்ரி' கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் உள்ள அணி. 2017-ல் வந்த 'ஹாலோ நைட்' கேமுக்கு ஒரு கூடுதல் பகுதியாகத் தொடங்கியது, வளர்ந்து வளர்ந்து தனி கேமாக 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஆறரை வருஷம் காத்திருப்பு. அவர்கள் நினைத்திருந்தால் 40 டாலர் வைத்திருக்கலாம், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை குறைவாக வைத்தால் எங்கள் கேமுக்கு யார் காசு தருவார்கள் என்று மற்ற சிறிய டெவலப்பர்களுக்கே கவலை வந்தது.

ஆனால் வாங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது கஷ்டம். ரொம்பக் கஷ்டம். ஹார்னெட் என்ற நம் பூச்சி நாயகிக்கு ஆரம்பத்தில் இருப்பது ஐந்து உயிர்ப்புள்ளிகள். பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டைப் பிடுங்கிவிடுகிறார்கள். அதாவது மூன்று அடி வாங்கினால் கதை முடிந்தது. செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறுபடி ஓடி வர வேண்டும். சில பெஞ்சுகளில் உட்காரவே காசு கொடுக்க வேண்டும். இதெல்லாம் போதாது என்று, அப்பாடா என்று உட்காரப் போன ஒரு பெஞ்சே பொறியாக இருந்து என்னைக் கொன்றது. கோபத்தில் கன்சோலை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். படுத்தபின் சிரிப்பு வந்தது.

முதல் சில வாரங்களில் வந்த அப்டேட்டில் ஆரம்பக்கட்ட எதிரிகள் சிலரின் கடுமையைக் குறைத்தார்கள். அப்படியும் எளிதாக்கும் தேர்வு எதுவும் கேமில் இல்லை. ஆபீஸ் முடித்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு, அந்த ஒரு மணி நேரமும் ஒரே எதிரியிடம் தோற்பதிலேயே போகலாம். அந்த வகையில் 20 டாலர் கேம் எல்லாருக்கும் மலிவு என்று சொல்ல மாட்டேன். காசுக்குப் பதிலாக அது நேரத்தைக் கேட்கிறது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது

இந்த ஐந்திலும் தமிழ் வசன வரிகள் கிடையாது. கதைக்காகவே ஆடும் எக்ஸ்பெடிஷன் 33-க்கு ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டும். மரியோ கார்ட்டுக்கு மொழியே தேவையில்லை.

விலை அதிகமான கேம் என்றால் டிஸ்க்காக வாங்குங்கள். முடித்தபின் செகண்ட் ஹேண்டில் விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலில் வாங்கியதை விற்க முடியாது. டிஸ்க் போட இடமில்லாத கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. ஸ்விட்ச் 2-வில் சில கார்டுகளில் முழு கேமே இருக்காது, கார்டைச் செருகியபின் டவுன்லோடு செய்ய வேண்டியிருக்கும், அட்டையில் அதைப் போட்டிருப்பார்கள். முன்கூட்டியே புக் செய்தால் மூன்று நாள் முன்னதாக ஆடலாம் என்ற வலையிலும் விழாதீர்கள். போன வருஷம் அப்படிக் கூடுதல் காசு கொடுத்து நான் வாங்கிய ஒரு பெரிய கேமை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆட முடியவில்லை. நாலே மாதத்தில் அது பாதி விலைக்கு வந்தது.

ஒரே ஒரு கேமுக்குத்தான் பட்ஜெட் என்றால், தனியாக ஆடுபவர்களுக்கு எக்ஸ்பெடிஷன் 33. கூட ஆட ஆள் இருந்தால் யோசிக்காமல் ஸ்பிளிட் ஃபிக்ஷன். சில்க்சாங்கை நான் இன்னும் முடிக்கவில்லை. 'லாஸ்ட் ஜட்ஜ்' என்ற எதிரி மூன்று வாரமாக வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கு இரவும் போவேன்.