சால்வடோர் நகரின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

வெள்ளிக்கிழமை என்றவுடனே நம் குடும்பங்களில் மூத்தவர்களுக்கு நினைவில் எழுவது சுத்தபோசனம். "இன்று வெள்ளி, வீட்டில் கறி கிடையாது" என்று அடுக்களையிலிருந்து வரும் அன்னையின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே வெள்ளிக்கிழமை, பிரேசில் நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள சால்வடோர் நகரில் எவ்வாறு கழிகிறது என்று அறிந்தால் நமக்கு வியப்பு உண்டாகும். அந்நகரத்து உணவு விடுதிகளில் ஊர்ச் சமையல் சிறந்து மணப்பது அன்றுதான். மீனும், இறாலும், வெண்டைக்காயும், தேங்காய்ப்பாலும் கலந்த பதார்த்தங்கள் அன்று மேசைகளை நிறைக்கின்றன. இறைச்சி விலக்கிய தவநாளே அங்குச் சுவை நாளாகிவிட்டது!

இது சரியா, தவறா? விடை தேடுமுன் அந்நகரின் தெருக்களில் சற்று உலாவி வருவோம்.

மீட்பரின் பெயர் தாங்கிய நகரம்

1501 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருவிழாவன்று, போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஒரு பெரிய வளைகுடாவைக் கண்டன. அதற்கு 'எல்லாப் புனிதர்களின் குடா' என்றே பெயர் நிலைத்தது. அதன் கரையில் 1549 இல் எழுந்த நகருக்கு 'சால்வடோர்', அதாவது மீட்பர், என்று பெயரிட்டனர். 1551 இல் பிரேசிலின் முதல் மறைமாவட்டம் இங்கே நிறுவப்பெற்றது. 1763 வரை அந்நாட்டின் தலைநகரும் இதுவே. இன்று ஏறத்தாழ 24 லட்சம் மக்கள் இங்கு வாழ்கின்றனர்.

மீட்பரின் பெயர் தாங்கிய இத்துறைமுகத்தில்தான், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொணரப்பட்ட எண்ணற்ற மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்பது வரலாற்றின் வேதனை. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாளில்தான். இந்நகரின் உணவைச் சுவைப்பவர் எவரும் அம்மக்களை மறந்து சுவைக்க இயலாது; ஏனெனில் அச்சமையல் பெரும்பாலும் அவர்களுடைய கைவண்ணமே.

விடுதலை வாங்கித் தந்த வடை

மாலை சாயும் நேரத்தில், ரியோ வெர்மேல்யோ என்னும் கடலோரப் பகுதியின் சதுக்கங்களில் எண்ணெய் காயும் மணம் எழும். வெள்ளைப் பாவாடையும், வெண்துணித் தலைப்பாகையும், மணிமாலைகளும் அணிந்த பெண்கள், பலகைத் தட்டுகளைப் பரப்பி அமர்ந்திருப்பர். இவர்களைப் 'பாயானா' என்பர். பாகியா மாநிலத்துப் பெண் என்பது பொருள். இவர்கள் விற்கும் பண்டம் 'அக்கராஜே'.

அது என்ன என்று கேட்டால், நம்மவர் உடனே "வடை" என்று சொல்லிவிடுவர். தட்டைப்பயற்றை ஊறவைத்து, தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, காற்று ஏறிப் பொங்கும்வரை அகப்பையால் அடிக்கின்றனர். பின்பு அதனை உருட்டி, 'தெந்தே' என்னும் எண்ணெயில் பொரிக்கின்றனர். தெந்தே என்பது ஆப்பிரிக்கச் செம்பனையின் எண்ணெய். நம் கடைகளில் கிடைக்கும் வெளுத்த பாமாயிலன்று. சுத்திகரிக்காத, செக்கச்சிவந்த, மணம் மிக்க எண்ணெய். பொரித்த வடையைக் குறுக்கே பிளந்து, உள்ளே இறால் கருவாடும், காய்ப் பச்சடியும், 'வாட்டப்பா' என்னும் குழைவும் வைத்துத் தருவர். வாட்டப்பாவில் தேங்காய்ப்பால், இறால் கருவாடு, வேர்க்கடலை, இஞ்சி, முந்திரி எல்லாம் சேர்ந்துள்ளன. நம் பாயசத்தில் மிதக்கும் அந்த முந்திரிக்குத் தாயகம் பிரேசில்தான் என்பதையும், போர்த்துக்கீசியர் அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் கோவாவுக்குக் கொணர்ந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

"சூடாகவா?" என்று பாயானா கேட்டால், ஆறிப்போகாததா என்று எண்ணி ஏமாறலாகாது, "மிளகாய் வைக்கலாமா?" என்பதே அதன் பொருள். எண்ணெய்ப் பண்டம் ஒவ்வாதவர்க்கு அதே மாவை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த 'அபரா' உண்டு.

இவ்வடைக்குப் பின்னே ஒரு பெரிய கதை இருக்கிறது. அடிமை முறை நிலவிய நாள்களில் எசமானர்கள் சில பெண்களைத் தெருவில் வியாபாரம் செய்ய அனுப்பினர். வருமானத்தில் இவ்வளவு என்று எசமானருக்குக் கட்டிவிட்டு, எஞ்சிய காசை அப்பெண்கள் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சில்லறையைச் சேர்த்துச் சேர்த்து, தங்கள் விடுதலையையும், தங்கள் பிள்ளைகளின் விடுதலையையும் விலைகொடுத்து வாங்கியவர்கள் உண்டு. தலைச்சுமையாகச் சுமந்த தட்டே விடுதலைக்குச் சாவியாயிற்று!

ஆப்பிரிக்க மூதாதையரின் சமயமாகிய கந்தொம்ப்ளேயில் அக்கராஜே படையற் பொருளாகவும் இருக்கிறது. நம் விசுவாசம் வேறாயினும், சங்கிலியிட்ட மக்கள் தங்கள் தாயகத்தின் நினைவை அடுப்படியில் காத்தனர் என்பதை நாம் மரியாதையோடு நோக்கலாம். பிரேசில் அரசு 2005 இல் பாயானாக்களின் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. எனினும் 2014 ஆம் ஆண்டின் உலகக் கால்பந்துப் போட்டிக்கு நகரம் ஆயத்தமானபோது, விளையாட்டரங்கில் விற்கும் உரிமையை இப்பெண்கள் இழக்கும் நிலை உண்டாயிற்று. அவர்கள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். இறுதியில் சிலருக்கு அங்கே இடம் கிடைத்தது.

மண்சட்டியில் கடல்

விடுதியில் அமர்ந்து உண்போர்க்கு முதன்மையான பதார்த்தம் 'மொக்கேக்கா'. மீனை அல்லது இறாலை வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்தமல்லித்தழை ஆகியவற்றோடு அடுக்கி, தேங்காய்ப்பாலும் தெந்தேயும் ஊற்றி, மண்சட்டியில் வேகவைப்பது அது. கொதிக்கும் சட்டியே மேசைக்கு வரும். கூடவே சோறும், வறுத்த மரவள்ளி மாவும், மீன் சாற்றில் அம்மாவைக் கிளறிய களியும் வரும். பெரும்பாலும் ஒரு சட்டி இருவருக்குப் போதும்; ஆகையால் ஒருவர் தனியே உண்பதைவிடப் பகிர்ந்துண்பதற்கே ஏற்ற உணவு இது. காசு குறைவாயிருப்போர், தட்டில் எடுத்த உணவை எடைபோட்டு விலை வாங்கும் எளிய விடுதிகளுக்குச் செல்வர். கடற்கரை மணலில் இருந்த கடைகள் நீதிமன்ற ஆணைப்படி 2010 இல் இடிக்கப்பட்டன. ஆயினும் இளநீர் விற்போரும், கையில் ஏந்திய சிறு கரியடுப்பில் பாலாடைக்கட்டியைக் குச்சியில் வாட்டித் தருவோரும் மணலில் நடந்துகொண்டே இருக்கின்றனர்.

ஒருசந்தியா, விருந்தா?

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பெரிய வெள்ளியன்று சால்வடோர் இல்லங்களில் மொக்கேக்கா, வாட்டப்பா, கருரு என்று பல வகை சமைக்கப்படும். 'கருரு' என்பது வெண்டைக்காயைப் பொடியாக அரிந்து, இறால் கருவாடும் தெந்தேயும் கூட்டிச் சமைப்பது. உறவினர் அனைவரும் கூடுவர். சட்டத்தின்படி குறையொன்றுமில்லை; இறைச்சி இல்லை. ஆனால் ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாளில் வயிறு நிறைந்த சுகம் தகுமா?

அவர்களைக் குறைசொல்லுமுன் நம் வீட்டை நோக்குவோம். சுத்தபோசன நாளென்று ஆட்டிறைச்சியை நிறுத்திவிட்டு, அதைவிட விலை மிகுந்த வஞ்சிர மீனைத் தேடிச் சந்தைக்குப் போனதில்லையா நாம்? 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு வெள்ளிக்கிழமைகளைத் தவநாள்களாகவே கொள்கிறது. அதே வேளையில், புலால் தவிர்ப்பதற்கு ஈடாகப் பிறரன்புச் செயல்களை ஏற்படுத்தவும் ஆயர் பேரவைகளுக்கு இடம் தருகிறது. தவத்தின் உள்ளீடு மீனா இறைச்சியா என்பதில் அடங்கிவிடவில்லை என்பது இதனால் விளங்கும். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே இறைவன் விரும்பும் நோன்பு என எசாயா இறைவாக்கினர் அன்றே உரைத்துவிட்டார்.

இந்தப் பாடத்தைச் சால்வடோர் மக்களே இரு விதத்தில் நமக்குக் கற்பிக்கின்றனர்.

ஏழு சிறுவர் முதலில்

செப்டம்பர் மாதத்தில் புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் திருநாள் வருகிறது. இரட்டைச் சகோதரராகிய இவ்விரு மருத்துவரும் கூலி வாங்காது நோயாளருக்குப் பணிபுரிந்து, மறைசாட்சிகளாக உயிர் நீத்தனர் என்பது மரபு. அவர்களுக்கு நேர்ந்துகொண்ட குடும்பங்கள் அம்மாதத்தில் பெருமளவில் கருரு சமைக்கும். அன்று முதற்பந்தி பெரியவர்களுக்கன்று. ஏழு சிறுவரை அழைத்துத் தரையில் அமர்த்தி, ஒரே பெரிய பாத்திரத்தில் உணவு வைப்பர். அவர்கள் கையால் அள்ளி உண்பர். அவர்கள் உண்டு முடித்த பிறகே வீட்டாரும் விருந்தினரும் உண்பர். முழு வெண்டைக்காய் ஒன்றை உள்ளே போட்டிருப்பர். அது யார் தட்டில் விழுகிறதோ அவர் அடுத்த ஆண்டு கருரு கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பெறுபவனே நாளை கொடுப்பவனாகிறான்! நம் திருத்தலங்களில் நேர்ச்சையாக இடும் அசனத்தை இது நினைவூட்டவில்லையா? இவ்வழக்கத்திலும் ஆப்பிரிக்க நம்பிக்கைகள் கலந்திருப்பது உண்மையே. ஆயினும் சிறுவரை முன்னே அமர்த்தும் அந்தப் பந்தி, நற்செய்தியின் மணத்தை வீசுகிறது.

கோழிக்கூட்டில் பிறந்த மருத்துவமனை

இரண்டாம் பாடத்தைத் தந்தவர் இந்நகரிலேயே 1914 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் பிறந்த அருட்சகோதரி துல்சே. இனிமை என்பது அப்பெயரின் பொருள். தெருவோரம் கிடந்த நோயாளிகளைக் கைவிடப்பட்ட வீடுகளில் அவர் தங்கவைத்தார், அங்கிருந்து விரட்டினர். இடம் இடமாக அலைந்து, 1949 இல் தம் மடத்துக் கோழிக்கூட்டில் அவர்களைக் குடியேற்ற அனுமதி பெற்றார். எழுபது நோயாளிகள் அங்கே இடம் பெற்றனர். அந்தக் கோழிக்கூடே வளர்ந்து இன்று ஏழைகளுக்கு இலவசமாகச் சேவைபுரியும் பெரிய மருத்துவமனையாக நிற்கிறது.

அவர்களுக்கு உணவு? சந்தைக்கும் கடைகளுக்கும் நடந்து சென்று கை ஏந்தினார் அச்சகோதரி. ஒருமுறை ஒரு கடைக்காரன் ஏந்திய கையில் காறி உமிழ்ந்தானாம். அதைத் துடைத்துவிட்டு, "இது எனக்கு, என் ஏழைகளுக்கு என்ன தருவாய்?" என்று மறுகையை நீட்டினார் என்று அவ்வூரார் சொல்லி வருகின்றனர். நோயுற்றுக் கிடந்த அவரை 1991 இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நேரில் வந்து கண்டார். மறு ஆண்டு மார்ச் 13 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 2019 ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பிரேசில் மண்ணில் பிறந்த பெண்களுள் முதற் புனிதர் அவரே.

நம் வீட்டு மேசை

சால்வடோர் நகரின் மூன்று தட்டுகளைக் கண்டோம். ஒன்று, விடுதலைக்காகத் தலையில் சுமந்த பாயானாவின் தட்டு. மற்றொன்று, சிறுவரை முன்னே அமர்த்திய நேர்ச்சைத் தட்டு. மூன்றாவது, பிறர்க்காக ஏந்திய துல்சேயின் கை. இம்மூன்றையும் கண்டபின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு சுவையாயிருப்பது குற்றமென்று நாம் கருதவில்லை. அது நம்மோடு முடிந்துவிடுவதே குற்றம்.

இவ்வாரம் வெள்ளியன்று நம் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கட்டும், குறையில்லை. ஆனால் சட்டியை இறக்கியவுடன் முதல் கரண்டியை எடுத்து, அண்டை வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்கோ, தெருமுனையில் பசித்திருக்கும் பிள்ளைக்கோ கொடுத்தனுப்புவோம். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நம் பிள்ளைகளிடமே விடுவோம். அவர்கள் திரும்பி வரும்வரை நாம் உண்ணாது காத்திருப்போம். அந்தச் சிறு காத்திருப்பே நமக்குச் சுத்தபோசனம் ஆகட்டும்.