கண்டறிந்த பின் என்ன?

பிறந்த குழந்தை முதல் பதினெட்டு வயதுப் பிள்ளை வரையில், உடற்குறையோ வளர்ச்சித் தாமதமோ உள்ளவர்களைக் காலத்தில் கண்டு, வேண்டிய சிகிச்சையை இலவசமாகச் செய்விப்பதென்று 2013-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்திய சர்க்கார் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். தேசிய சிறார் நலத் திட்டம் என்பது அதன் பெயர். நோக்கம் உத்தமமானது என்பதில் எவருக்கும் ஆக்ஷேபம் இராது. அந்நோக்கம் நிறைவேறுகிறதா என்பதை எந்தப் படியைக் கொண்டு அளப்பது என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் விஷயம்.

டாக்டர்கள், செவிலி, மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழுவொன்று அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரு முறையும், சர்க்கார் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு முறையும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டுமென்பது விதி. பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு பிரிவுகளில் முப்பது வகைக் குறைகள் ஆரம்பத்திலேயே குறிக்கப்பட்டன. சந்தேகத்திற்குரிய குழந்தையைச் சீட்டு எழுதி, ஜில்லாவின் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை வைத்தியர், இயன்முறை வைத்தியர், பேச்சுப் பயிற்சியளிப்பவர் முதலியோர் அங்கே ஓரிடத்திலேயே இருக்க வேண்டும். ஏட்டளவில் இந்த ஏற்பாடு செவ்வையானதே.

ஆனால் இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது, பரிசோதிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை. அடுத்தது, சீட்டுக் கொடுத்து அனுப்பப்பட்டோரின் தொகை. இவ்விரண்டும் ஊழியர்கள் பட்ட பாட்டைக் காட்டுமேயன்றிக் குழந்தை பெற்ற பலனைக் காட்டமாட்டா. எத்தனை மரக்கால் விதை தெளித்தோமென்று மட்டும் சொல்லி, எத்தனை கோட்டை நெல் கண்டோமென்பதைச் சொல்லாமல் விடும் குத்தகைக்காரனின் கணக்கை நம் பக்கத்து நிலக்காரர் எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

கடையம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மலையடிவாரத்தில் ராமநதி, ஜம்புநதிப் பாசனத்தால் நெல் விளையும் பூமி இது. வீடுகளிலோ பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இத்தகைய தாய் ஒருத்தியின் கையில் சீட்டு கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பஸ் செலவு ஒரு பக்கம்; அன்றைக் கூலி நஷ்டம் மறுபக்கம். கை கால் பயிற்சியோ பேச்சுப் பயிற்சியோ ஒரு வேளை மருந்தல்ல. வாரந்தோறும், மாதக்கணக்கில் நடக்க வேண்டியது. “இவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான்” என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் ஆறுதல் கூறுகிறார்கள். இரண்டு தடவை போன தாய் மூன்றாம் தடவை நின்று விடுகிறாள். 2019-ம் வருஷம் நவம்பர் 22 முதல் தென்காசி தனி ஜில்லாவாகித் தலைநகரம் அருகில் வந்துவிட்டது மெய்தான். அதனால் அவள் இழக்கும் நாள் திரும்பி வந்துவிடவில்லை. திட்டத்தின் ஏட்டிலோ அவள் குழந்தை ‘அனுப்பப்பட்டது’ என்ற கணக்கில் நிரந்தரமாக நிற்கிறது.

இவ்விஷயத்தில் தாமதமே பெரும் நஷ்டம். வளைந்த பாதத்துடன் பிறந்த சிசுவுக்கு முதல் வாரங்களிலேயே மாவுக் கட்டுப் போடத் தொடங்கினால் பெரும்பாலும் பெரிய சஸ்திர சிகிச்சையின்றியே பாதம் நேராகும். காது கேளாமையை ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்க வேண்டுமென்பது மேனாட்டு நிபுணர்கள் வகுத்த கணக்கு. நமது நிலை என்ன? 2011-ம் வருஷக் குடிமதிப்பின்படி தேசத்தின் ஜனத்தொகையில் 2.21 சதவிகிதத்தினர் மாற்றுத்திறனாளிகள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் அது 1.24 சதவிகிதம். முதுமையில் வரும் குறைகள் இந்த வித்தியாசத்திற்கு ஒரு காரணம். சிறு வயதில் குறை பிறர் கண்ணில் படாமற் போவது இன்னொரு காரணமென்றே கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? குழந்தைகள் அனைவரையும் வருஷத்துக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டுமென்று 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-வது பிரிவு விதிக்கிறது. பரிசோதித்த பின் எத்தனை நாளுக்குள் உதவி கிடைக்க வேண்டுமென்று அச்சட்டம் கெடு விதிக்கவில்லை. அமெரிக்காவில் 1986-ம் வருஷத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட திட்டத்தில், தகவல் கிடைத்த 45 நாட்களுக்குள் குழந்தையை மதிப்பிட்டு, குடும்பத்தாரோடு கலந்து சேவைக்கான ஏற்பாட்டை வகுக்கக் கூடவேண்டுமென்று விதி இருக்கிறது. கெடு இருந்தாலன்றோ தவறியதா, தவறவில்லையா என்று கேட்க முடியும்?

மேனாட்டை நோக்கிப் பெருமூச்சு விட வேண்டிய அவசியமுமில்லை. நமது ஜில்லாவிலேயே வழிகாட்டி இருக்கிறது. 1975-ம் வருஷத்தில் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அச்சங்கத்தின் கிராம ஊழியர்கள் குழந்தையின் வீட்டுக்கே சென்று, தாய்க்குப் பயிற்சி முறையைக் கற்பிக்கிறார்கள். குழந்தையின் நிலையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து யோசனை கூறுகிறார்கள். இவ்வேலையைச் சங்கத்தார் மதிப்பிட்ட விதமே நாம் முக்கியமாகக் கவனிக்கத் தக்கது. 2020-ல் வெளியான அவர்களது ஆராய்ச்சியில், குடும்பத்தார் பயிற்சியில் எவ்வளவு ஈடுபட்டனர், குழந்தைகள் பள்ளியில் சேர்ந்தனரா, ஊழியர்களின் வேலை நிலை எவ்வாறிருந்தது என்ற மூன்றும் அளக்கப்பட்டன. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அளந்து, குறை கண்ட இடத்தைத் திருத்திக்கொள்வது அவர்கள் முறை.

இதே வழியில் கடையம் ஊராட்சி ஒன்றியத்திற்கு ஐந்து கேள்விகள் போதுமென்பது நமது அபிப்பிராயம். குறை சந்தேகிக்கப்பட்ட நாளிலிருந்து முதற் பயிற்சி நாள் வரையில் எத்தனை நாள்? சீட்டுப் பெற்ற நூறு குழந்தைகளில் உதவி எத்தனை பேருக்கு எட்டியது? ஆறு மாதத்துக்குப் பின்னும் பயிற்சியைத் தொடர்வோர் எத்தனை பேர்? உட்கார, நடக்க, பேச, அங்கன்வாடியில் மற்றக் குழந்தைகளோடு இருக்க எத்தனை பேர் கற்றனர்? ஓர் ஊழியர் தலையில் எத்தனை குழந்தைகளின் பொறுப்பு இருக்கிறது?

“கண்டறியவே ஆட்கள் போதவில்லை, பின்தொடர்வது எவ்வாறு?” என்று அதிகாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் இன்னொரு பதிவேட்டைக் கட்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. கடைசிக் கேள்வியை நாம் சேர்த்ததே அதற்காகத்தான். ஆள் போதாதென்பது மெய்யானால், அதை ருசுப்படுத்தக்கூடிய கணக்கும் இதுவே. பதினாயிரம் குழந்தைகளைப் பரிசோதித்தோமென்ற தொகையைக் காட்டி எவரும் ஓர் இயன்முறை வைத்தியரை அதிகமாகக் கேட்க முடியாது. சீட்டுப் பெற்றவர்களில் இத்தனை பேருக்கு உதவி எட்டவில்லை என்ற தொகையைக் காட்டிக் கேட்க முடியும்.

தேச ஊழியத்தில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. சாலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் குரல் கொடுப்பவர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் அங்கே கேட்க வேண்டும். எந்தக் குழந்தையின் பெயரையும் சபையில் இழுக்க வேண்டாம். தொகை மட்டும் போதும். பதில் வராவிட்டால் 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிப் போடலாம். முப்பது நாளில் பதில் சொல்லுவது அதிகாரியின் கடமை. நாம் மனு எழுதி, அதிகாரி பதில் தேடும் அந்த முப்பது நாளும் சீட்டு வாங்கிய சிசுவுக்கு ஒரு மாதம் வயது கூடுகிறது. ஆகையால் அடுத்த கிராம சபைக்கே கேள்விகளோடு செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.