விண்ணிலிருந்து வந்த நம்பிக்கை

பருவநிலை மாற்றம் குறித்துப் பேசத் தொடங்கினாலே நமக்குள் அச்சம் மேலோங்குகிறது. எனினும், ஒடிசாவைத் தாக்கிய இரு புயல்களை ஒப்பிட்டால் நம்பிக்கை பிறக்கும்.

1999 அக்டோபரில் வீசிய பெரும்புயல் ஏறத்தாழ 10,000 உயிர்களைப் பறித்தது. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது உயிரிழந்தோர் 50 பேருக்கும் குறைவே.

2002இல் ஏவப்பட்டு, பின்னர் கல்பனா சாவ்லாவின் பெயர் சூட்டப்பெற்ற கல்பனா-1 உள்ளிட்ட செயற்கைக்கோள்கள் புயலைக் கண்காணித்தன. வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரித்தது. சுமார் 10 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

வீடுகளும் பயிர்களும் அழிந்தன. மீண்டும் எழுப்ப மனிதர்கள் இருந்தனர். கடன் வழங்கும் நாம் இதனை நன்கறிவோம்: இழந்த படகுக்கு மறுகடன் உண்டு, இழந்த உயிருக்கு இல்லை. பருவநிலை பற்றி இனிப் பேசுகையில் இதனையும் சேர்த்தே பேசுவோம்.