சிற்றூர்ப் பள்ளியும் நவோதயாவும்

'பள்ளி' என்ற சொல் முற்காலத்தில் துறவியர் தங்கும் இடத்தைக் குறித்தது. சமண முனிவர் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்ததால்தான் 'பள்ளிக்கூடம்' வந்தது என்பர். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளி விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லவே இக்கட்டுரை.

1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பரவியவை ஜவஹர் நவோதயா வித்யாலயாக்கள். சோதனையாக முதலில் தொடங்கியவை இரண்டு. அதில் ஒன்று நம் விதர்பாவின் அமராவதியில். இன்று நாடெங்கும் 650க்கு மேல் உள்ளன. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாடு இவற்றை ஏற்கவில்லை. அதனால் ஊரிலுள்ள நம் சொந்தக்காரர்களுக்கு இதன் விவரம் தெரியாது; கேட்டாலும் சொல்லத் தெரியாது. வெளிமாநிலத்தில் இருக்கிற நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது ஆறாம் வகுப்புக்கான தேர்வு எழுதணும். 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 50 மதிப்பெண் வடிவங்களைப் பார்த்து யோசிக்கும் கேள்விகளுக்கு. அதற்கு எந்த மொழியும் வேண்டாம். கணக்குக்கு 25, மொழிக்கு 25. மராத்தியில் படித்த பிள்ளை மராத்தியிலேயே எழுதலாம். வாழ்நாளில் ஒரே தடவைதான். தவறினால் மறு ஆண்டு எழுத முடியாது.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 80 பிள்ளைகள். குறைந்தது 75 சதவீதம், அதாவது 60 இடம், கிராமப்புறத்தாருக்கு. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்பையும் முழுக்கக் கிராமப்புறப் பள்ளியில் படித்தவரே கிராமப்புறத்தார். இந்த மூன்று வகுப்பில் ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்தாலும் நகரக் கணக்குதான். மிச்ச 20 இடமும் நகரத்தாருக்கு என்று ஒதுக்கியதல்ல, எல்லோருக்கும் பொது. மாவட்டமும் மாறக்கூடாது.

என் பேரன் நாலாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஜில்லா பரிஷத் பள்ளியில் படித்தான். பாத்திரக் கடை வியாபாரம் நன்றாக நடந்த வருஷம். "நயினார் பேரன் இன்னும் ஓட்டுப் பள்ளியிலா?" என்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்புக்கு நகரத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். பழைய தலைமையாசிரியர் கடைக்கே வந்து, "சேட்ஜி, ஒரு வருஷம் பொறுங்கள்" என்றார். காரணமும் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. பேரன் நகரத்தானாகத் தேர்வு எழுதினான், கிடைக்கவில்லை. அதே ஓட்டுப் பள்ளியில் அவனோடு படித்த, என் கடையில் மூட்டை இறக்குபவர் மகளுக்குக் கிடைத்தது. நான் கட்டிய பணம் எவ்வளவு என்று எழுத வெட்கமாயிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணமே கிடையாது.

"விடுதியில் நம்ம வீட்டு மாதிரி பொழுது சாயுமுன் சோறு போடுவாங்களா?" என்று என் வீட்டம்மாள் அப்போது கேட்டாள். நியாயமான கேள்விதான். நம் வழக்கத்துக்காக அவர்கள் நேரத்தை மாற்ற மாட்டார்கள். இதைக் குடும்பத்தில் முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகளை வேறு மொழி மாநிலப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. தமிழை விடுமுறையில் நாம்தான் வீட்டில் ஊட்ட வேண்டும்.

இன்னொரு வாசல் ஒன்பதாம் வகுப்பில் திறக்கும். காலி இடம் இருந்தால் மட்டும். கணக்கு 35, அறிவியல் 35, ஆங்கிலம் 15, இந்தி 15. நேரம் 2½ மணி. பேரன் இப்போது எட்டாவது. அந்தப் பெண் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது, கடைத் திண்ணையில் உட்கார்ந்து அவனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தாள். நான் கல்லாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிராமங்களில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்கள், மூன்றாம் வகுப்பில் பிள்ளை இருந்தால், பள்ளி மாற்றுமுன் மாவட்ட நவோதயாவுக்கு ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.