ஓட்டத்துக்குத்தான் ஓய்வு, வயிற்றுக்கு இல்லை!

பந்தயக் குதிரைகளுக்கும் முதியோர் இல்லம் உண்டு, தெரியுமா? அமெரிக்காவின் கென்டக்கியில், ஜார்ஜ்டவுன் பக்கம் இருக்கும் ‘ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ்’ பண்ணை அப்படிப்பட்டதுதான். 2003-ல் அதைத் தொடங்கிய மைக்கேல் ப்ளோவன் அதற்குமுன் செய்த வேலை, ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் சினிமா விமர்சனம்! 1997-ல் கென்டக்கி டெர்பியை வென்ற சில்வர் சார்ம், ஜப்பானிலிருந்து 2014-ல் இங்கேதான் வந்து சேர்ந்தது.

ஓட்டம் நின்றபின் குதிரைக்கு என்ன வேலை? மெல்லுவதுதான்! 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். நமக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே எச்சில் ஊறும். குதிரைக்கோ மென்றால்தான் ஊறும். ஆனால் இரைப்பையில் அமிலம் இரவு பகலாகச் சுரக்கிறது. அதைத் தணிக்கும் எச்சில் ஊறாமல் வாய் பல மணி நேரம் சும்மா இருந்தால் வயிற்றுப்புண்! அதனால்தான் காயம் ஆறும்வரை லாயத்தில் கட்டிவைத்த குதிரைக்குச் சின்னக் கண்ணி வலைப்பையில் புல்லைத் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு இழையாக உருவி உருவித் தின்னும், பொழுதும் போகும்.

அதைவிட விந்தை, குதிரையால் வாந்தியெடுக்கவே முடியாது! இரைப்பையின் வாயில் உள்ள தசை அவ்வளவு இறுக்கம். தின்றதைத் திருப்பி அனுப்ப வழியில்லை; பாவம் என்று ஒரு வாளி தானியத்தைக் கூடுதலாகக் கொட்டினால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து, குளம்புக்குள் அழற்சியாக வெடிக்கும். முன்னங்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நிற்கும் குதிரை அந்த வேதனையில்தான் நிற்கிறது.

பட்டினியிலிருந்து மீட்ட குதிரைக்கு முதல் நாளே வயிறாரப் போட்டால் உயிரே போய்விடலாம்! கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த தீவனம் எது தெரியுமா? நம்மூர் மாட்டுப்பண்ணைக்காரர்களும் வளர்க்கும் குதிரைமசால்! ஆரம்ப நாள்களில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ அளவில்தான்.

குதிரைப் பல் தேயத் தேய, ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே தள்ளிக்கொண்டே வரும். கூரான ஓரங்களை அரத்தால் ராவிவிட வேண்டும். கிழக்குதிரைக்கு அந்தக் கையிருப்பும் தீர்ந்துவிடும். பாதி மென்ற புல்லை உருண்டை உருண்டையாகத் துப்பிவைக்கும். அதைப் பார்த்ததும் ஊறவைத்த கூழ்த் தீவனத்துக்கு மாற வேண்டியதுதான்.

சரி, குதிரை எத்தனை வயதுவரை வாழும்? இங்கிலாந்தில் படகு இழுத்த ஓல்ட் பில்லி என்ற குதிரை 1822-ல் இறந்தபோது வயது 62! அதற்கு ஓய்வு கிடைத்ததே 1819-ல்தான்.