மலைவழியும் மிதிவண்டியும்

தேவாரம் என்றவுடன் மூவர் அருளிய பதிகங்களே தமிழ் மாணவர் நெஞ்சில் தோன்றும். ஈண்டு யாம் கூறப் புகுந்ததோ, தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்குத் தெற்கே, மேற்கு மலைத்தொடரின் அடியில் அமைந்துள்ள ஊராகும். அம்மலையின் மேலே ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. அவற்றில் உழைக்கும் தொழிலாளர் பலர் அடிவாரத்து ஊர்களினின்றே செல்கின்றனர். மலையைக் கடக்கும் இடத்தை இந்நாட்டார் 'மெட்டு' என்பர். போடிமெட்டுக்கும் கம்பமெட்டுக்கும் தார்ச்சாலை உண்டு. தேவாரத்தினின்று சாக்கலூத்து மெட்டுக்குச் செல்வதோ காட்டினூடே கிடக்கும் பழைய நடைவழி.

இத்தகைய கரடுமுரடான வழிகளில் மிதிவண்டி ஊர்ந்து நெடுந்தூரம் செல்லும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. கால்வலிமை ஒன்றே அதற்குப் போதும் என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ எனக் கொள்வோம். அவ்வெடையை 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டும் ஆற்றல் ஏறத்தாழ 980 கிலோஜூல். நம் உடலோ தான் செலவிடும் ஆற்றலில் நாலிலொரு பங்களவே மிதியிற் செலுத்த வல்லது. ஆதலின் ஏற்றத்திற்கு மட்டும் 900 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும். ஒருவர் ஒரு நாள் உண்பதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அது.

இவ்வேலையைக் குறைத்தல் இயலாது. சிறிது சிறிதாகப் பகிர்ந்து செய்தல் இயலும். சாதாரணச் சைக்கிளில் மிதியை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் இரு முறைக்கு மேல் சுழலும். மலைவண்டியிலோ, முன்னுள்ள பற்சக்கரத்தினும் பெரியதொன்று பின்னே உண்டு. சங்கிலியை அதில் மாற்றிக்கொண்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுழலும். வேகம் குன்றும், கால் தாங்கும். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைப்பின், அது கல்லையும் வேரையும் தழுவிச் செல்லும்.

ஏற்றத்தினும் அஞ்சத்தக்கது இறக்கமே. ஏறுங்கால் சேர்த்த ஆற்றல் இறங்குங்கால் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாக மாறும். அது மூன்று லிட்டர் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. 1976-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் மலையிறக்கப் பந்தயம் தொடங்கினர். சக்கரக் குடத்தினுள் இருந்த பிரேக்கின் மசகு ஒவ்வோர் ஓட்டத்திலும் புகைந்து தீய்ந்தது. அதனை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தமையால் அவ்வழிக்கே 'ரீபேக்' என்று பெயராயிற்று. இன்றைய மலைவண்டி வளர்ந்தது அத்தகைய பட்டறிவினாலேயாம்.

வண்டி செம்மையாயினும் காலம் அறிதல் வேண்டும். கோடையில் இச்சரிவுகளிற் புல் உலர்ந்து நிற்கும். அதிற் பற்றிய தீ மேல்நோக்கி விரையும். கீழிருந்து எழும் வெப்பம் மேலுள்ள புல்லை முன்னரே காய்ச்சிவிடும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், போடிக்கு அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேல் உயிர் நீத்தனர். அத்தகைய தீயை எக்கால் வலிமை முந்தும்?

ஆகலின், வனத்துறையின் அனுமதியும் வழியறிந்த உள்ளூரார் துணையும் இன்றி இம்மலையிற் புகுதல் தகாது. செங்குத்தான இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதும் இழுக்கன்று. தலைமுறை தலைமுறையாக மலையேறி வருவோர் அவ்வழியின் நீரும் நிழலும் அறிவர். அவர்கள் 'இன்று வேண்டா' என்பாராயின், அடிவாரத்திலேயே வண்டியைத் திருப்புதல் அறிவுடைமையாகும்.